கமராவை மூடிய கை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன மாதம் உங்கள் பயிற்சி அறைக்கு என்னைக் கூப்பிட்டுத் தேநீரும் பற்றீசும் தந்தீர்கள். சுவரளவு திரையில் மூன்று நாட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவர்கள் முகத்துப் பருக்கள்கூடத் தெரிந்தன. "உங்கட காலத்தில இதெல்லாம் எப்பிடிச் செய்தனீங்கள் மிஸ்?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நான் வழக்கம்போல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், சரியாகப் பதில் சொல்லவில்லை. கூட்டத்தில் கனவு காண்பவள் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது பொய்ப் பெயர் இல்லை. கேள்விக்கு இப்போது ஆறுதலாக உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. அதற்கப்பால் தண்டவாளம், தண்டவாளத்துக்கப்பால் கடல். ரயில் போகும்போது மேசையும் கணினியும் திரையில் தெரியும் ஆட்களும் சேர்ந்து நடுங்குவார்கள். உப்புக்காற்றில் விசைப்பலகை துருப்பிடிக்கும் என்று சொல்லி யன்னலைச் சாத்துவார்கள். நான் போய்த் திறந்துவிடுவேன். யுத்தம் கடைசியாகக் கடுமையாகிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒழுங்கையின் முனையில் மணல்மூட்டை அடுக்கிய சோதனைச்சாவடி, கைப்பையில் பொலிஸ் பதிவுத் துண்டு, எந்த நேரமும் ஒரு சுற்றிவளைப்பு. அதற்கு நடுவில்தான் நாங்கள் காது கேளாதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்குமாக ஒரு சேவை நிலையம் நடத்தினோம். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கிளையும் இருந்தது. ஒரு தேவாலய வளவுக்குள், மணிக்கோபுரத்தோடு ஒட்டிய அறையொன்றை அதற்கு இரவல் தந்திருந்தார்கள்.

ஐரோப்பாவின் வடக்கே ஒரு துறைமுக நகரத்தின் சமூகசேவை அலுவலகம் எங்களோடு கூட்டுச் சேர்ந்தது அந்த நாட்களில்தான். அவர்களுடைய ஊரில் நம்முடைய ஆட்கள் நிறையப் பேர் குடியேறியிருந்தார்கள். ஒரு குடும்பத்தின் பாதி அங்கேயும் பாதி இங்கேயும் இருக்கும்போது, இரண்டு அலுவலகமும் ஒரே மேசையில் உட்கார்ந்ததுபோல வேலை செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய யோசனை. கணினிகளையும் கமராக்களையும் அனுப்பினார்கள். வாரத்தில் ஒரு நாள் இணையத்தில் முகம் பார்த்துக் கூட்டம்.

அந்தக் கூட்டங்கள் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேலை இல்லை. எங்களுக்கு வெயில் கொளுத்தும் பகலில் அங்கே இன்னும் விடிந்திருக்காது. திரையின் பின்னால் தெரியும் யன்னலில் ஒரு தெருவிளக்கு, அதன் கீழே பனி. இணைப்பு மெதுவானதால் பனிகூட விட்டு விட்டுத்தான் விழும். நடுவானில் கொஞ்சம் நின்று, யோசித்து, பிறகு விழும். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது என் பெயரைச் சொல்லும்போது திடுக்கிட்டு "ஓம் ஓம், செய்யலாம்" என்பேன். என்னத்துக்குச் சம்மதித்தேன் என்று பிறகுதான் விசாரிப்பேன்.

அந்தப் பக்கத்துப் பொறுப்பாளர் ஒரு பெண். எப்போதும் சாம்பல் நிறச் சால்வையோடு வருவதால் சால்வை அக்கா என்று பெயர் வைத்திருந்தோம். முதல் கூட்டத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேருடைய விபரங்களை மளமளவென்று சொல்லி முடித்தோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கள் சொன்ன ஆட்கள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வீட்டில், வேறெங்கே என்றோம். "அப்படியானால் நாங்கள் ஏன் பேசுகிறோம்?" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு விதி கொண்டுவந்தார். யாரைப் பற்றிப் பேச்சோ அவர் கமராவுக்கு முன்னால் இருக்க வேண்டும். அவரை விட்டுவிட்டு அவருடைய தலைக்கு மேலால் நாங்கள் பேசத் தொடங்கினால், அவர் கையை நீட்டிக் கமராவை மூடலாம். மூடினால் இரண்டு பக்கத்திலும் எல்லாரும் வாயை மூட வேண்டும். கையை எடுக்கும்வரை ஒரு சொல்லும் பேசக்கூடாது.

எனக்கு இது வெள்ளைக்காரர் விளையாட்டுப்போலத்தான் பட்டது. அங்கே ஒரு கதிரையை நகர்த்துவதற்கும் விதி இருக்கும் என்று பகிடி பண்ணினோம். நம்முடைய வழக்கம் வேறு அல்லவா? ஆள் முன்னால் இருக்கும்போதே தாயிடம் கேட்போம், "இவர் என்ன சாப்பிடுவார்?" என்று.

பாமன்கடையிலிருந்து சக்கர நாற்காலியில் ஒரு பெண் வருவாள். கேள்வி அவளுக்கு, பதில் தாயிடமிருந்து. "இவளுக்குத் தையல் சரிவராது. கொம்பியூட்டர் படிக்கக் கண் வலிக்கும். வெயில் ஒத்துவராது." ஒரு நாள் நடுவில் திடீரென்று திரை இருண்டது. எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொண்ட நானா பதறியடித்து ஓடி வந்தார். அவர் மருதானைப் பக்கத்து முஸ்லிம் மனிதர். அண்ணனை அவர்கள் நானா என்பார்கள், எங்களுக்கு எல்லாருக்கும் அவர் நானாதான்.

"லைன் நல்லாத்தான் ஈக்கிது மிஸ். கமராதான் செத்து மௌத்தாப் போச்சுப் போல" என்று சொல்லி, மேசைக்குக் கீழே புகுந்து ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் செருகினார். வெளியே வந்து பார்த்தால் கமராவின் மேல் முகம் துடைக்கும் கைலேஞ்சி ஒன்று கிடக்கிறது. அந்தப் பெண் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தாய் வாயைத் திறந்தபடி நிற்கிறா. அன்றுதான் அந்தப் பெண்ணின் குரலை நான் முதல்முறை கேட்டேன். "எனக்குத் தையல் சரிவரும்" என்றாள்.

இனி நேசனுடைய கதைக்கு வருகிறேன். இவ்வளவும் அதற்காகத்தான் சொன்னேன்.

நேசன் வடமராட்சிப் பக்கத்துப் பெடியன். பிறவியிலேயே காது கேளாது. பள்ளிக்கூடம் போய்ச் சைகைமொழி படிக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவனுக்கு மூத்தவள் ரஞ்சினி. சின்ன வயதில் இரண்டு பேருமாகச் சேர்ந்து கையால் ஒரு பாஷை உண்டாக்கியிருந்தார்கள். உலகத்தில் அதைப் பேசத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி கலியாணம் கட்டி ஐரோப்பாவுக்குப் போய்விட்டாள். போனது சால்வை அக்காவின் நகரத்துக்கு. அவன் பிறகு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் சாமிப்படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

வாரக் கூட்டம் முடிந்ததும் கிளையில் கணினியை அவர்கள் இருவருக்கும் விட்டுக்கொடுப்போம். முதல் நாள் திரையில் அக்காவைக் கண்டதும் அவன் கைகள் தொடங்கின, நிற்கவேயில்லை. வருடக்கணக்கில் பேச ஆளில்லாமல் கிடந்த கைகள். படம் அடிக்கடி உறைந்துபோகும், விரல்கள் பாதி வழியில் நிற்கும். அவன் பொறுமையாக மறுபடியும் முதலிலிருந்து சொல்வான். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் அந்த அறையை விட்டுப் போக மனம் வராது. எங்கள் நிலையத்துச் சைகைமொழியை அவன் மெல்ல மெல்லப் படித்துக்கொண்டிருந்தான், ஆனால் கோபமோ பயமோ வந்தால் வீட்டுப் பாஷைக்குத்தான் போய்விடுவான்.

ஒரு நாள் காலையில் கடைக்கார முதலாளி தொலைபேசி எடுத்தார். நேசனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

நானும் நானாவும் முச்சக்கரவண்டியில் ஓடினோம். பொலிஸ் நிலையத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் இருந்தார். நரைத்த மீசை, தூக்கமில்லாத கண்கள். கூடாத மனிதர் இல்லை, ஆனால் அன்று நல்ல மனிதராக இருக்க அவருக்கு நேரம் இல்லை. சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னார். தேவாலயக் கோபுரத்தடியில் இவன் நாள் தவறாமல் காலையில் வந்து நிற்கிறான். அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் முழுக்கத் தெரியும். இன்று பின்னாலிருந்து பல தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைப் பிடித்ததும் தள்ளிவிட்டான். அடையாள அட்டையில் வடக்கு விலாசம்.

"அவனுக்குக் காது கேளாது சேர்" என்றேன்.

"அதைத்தான் பரீட்சித்தோம். பின்னால் நின்று இரும்பு அலுமாரியில் ஓங்கி அடித்தோம். திரும்பிப் பார்த்தான். கேளாதவன் எப்படித் திரும்புவான்? நடிக்கிறான்."

பின்னேரத்துக்குள் ஒழுங்கான வாக்குமூலம் இல்லாவிட்டால் கோப்பும் ஆளும் மேலிடத்துக்குப் போகும் என்றார். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் எங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணியைத் தொலைபேசியில் பிடித்தேன். "மேலே போக விட்டிடாதேங்கோ அம்மா. அங்க போனாப் பிறகு நான் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தும் பிரயோசனமில்லை. வருசக்கணக்கில உள்ளுக்குக் கிடப்பான்" என்றார்.

நேசன் மூலையில் கைவிலங்கோடு ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். நிலையத்துச் சைகையில் அவனோடு பேசிப் பார்த்தேன். பயத்தில் அவனுக்கு எல்லாம் மறந்துவிட்டிருந்தது. விலங்கு போட்ட கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். வீட்டுப் பாஷை.

"இவனுடைய வாக்குமூலத்தை யாரால் எடுக்க முடியும்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இவனுடைய அக்காவால் சேர்."

"எங்கே இருக்கிறார்?"

நாட்டின் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் கிளை நடை தூரத்தில் இருக்கிறது, கணினி இருக்கிறது, மத்தியானத்துக்குள் அக்காவை அவர் முன்னால் கொண்டுவந்து இருத்துகிறேன் என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

சால்வை அக்கா அதிகாலை நித்திரையிலிருந்து எழுந்து தொலைபேசிக்கு வந்தார். ஏன், எதற்கு, யாருடைய அனுமதி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. விதி விதியென்று எங்களை வதைத்த மனுசி. பனிக்குள் காரை எடுத்துக்கொண்டு போய், ரஞ்சினி வேலை செய்த ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியிலிருந்து அவளை அப்படியே ஏற்றிக்கொண்டு அலுவலகத்தைத் திறந்தார். எங்கள் பக்கத்தில் நானா கணினியோடு மல்லுக்கட்டினார். படம் வந்தால் சத்தம் அறுந்தது, சத்தம் வந்தால் படம் உறைந்தது.

"எல்லாரும் படத்தத்தான் நிப்பாட்டுவாங்க மிஸ், சத்தம் கேக்கோணுமெண்டு. நமக்குச் சத்தத்தால என்னா வேல?" என்று சொல்லி, கணினியில் ஒலியை முற்றாக நிறுத்திவிட்டு முழு இணைப்பையும் படத்துக்கே கொடுத்தார். ரஞ்சினியின் குரலுக்குத் தனியாகத் தொலைபேசி அழைப்பெடுத்து ஒலிபெருக்கியில் மேசைமேல் வைத்தார். அவன் கை அங்கே தெரியும், அவள் தமிழில் சொல்வாள், நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். குரல் முதலில் வரும். உதடு பிறகு அசையும். கனவில் ஆட்கள் பேசுவதுபோல இருந்தது.

நேசனை இரண்டு கான்ஸ்டபிள்மார் கூட்டிவந்தார்கள். கை விலங்கிலேயே இருந்தது.

"சேர், விலங்கைக் கழற்ற வேண்டும்."

"முடியாது."

"எங்களுக்கு வாயில் துணி கட்டினால் எப்படியோ, இவனுக்கு அது அப்படி. வாயைக் கட்டிவிட்டு வாக்குமூலம் எடுக்க முடியுமா?"

கான்ஸ்டபிள்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு விலங்கின் திறப்பைக் கான்ஸ்டபிளிடம் நீட்டினார்.

திரையில் ரஞ்சினி தோன்றினாள். நீலச் சீருடை, தலையில் இன்னும் வேலைத்தொப்பி. பின்னால் யன்னல், தெருவிளக்கு, பனி. நான் நடந்ததைச் சொன்னேன். தம்பியைக் கண்டதும் கை தூக்கப்போனவள் பாதியில் நிறுத்தி, தொலைபேசியில் என்னோடு அவசரமாகக் கதைக்கத் தொடங்கினாள்.

"அக்கா, அவன் ஏன் அங்க போறவனெண்டு எனக்குத் தெரியும். மணி கேக்கப் போறவன். கோபுரக் கதவில ரெண்டு கையையும் நெத்தியையும் வைச்சுக்கொண்டு நிண்டா மணி கேக்குதாம். போன கிழமையும் சந்தோசமாச் சொன்னவன். ஆனா அதைச் சொல்லாதேங்கோ அக்கா. காது கேக்குதாமெண்டு எழுதிப்போடுவினம். மூளை சரியில்லை, ஒண்டும் விளங்காது எண்டு சொல்லுங்கோ. விசரனெண்டா விட்டிடுவினம்."

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. "என்ன சொல்கிறார்?" என்றார். நான் தயங்கியதைக் கண்டு அவரே ஒரு வழியும் காட்டினார். "புத்தி சுவாதீனம் இல்லாதவன் என்றால் சொல்லுங்கள். ஒரு வரியில் எழுதி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் வீட்டுக்குப் போவேன்."

பாருங்கள் பிள்ளைகளே, எவ்வளவு சுலபமான கதவு. உள்ளே போனவன் அன்றே வெளியே வருவான். ஆனால் விசரன் என்று ஒரு தரம் எழுதிவிட்டால் அதற்குப் பிறகு கடையில் வேலையில்லை, அறையில்லை, அவன் சொல்வதை ஒரு மனிசரும் ஒரு நாளும் காதில் போடப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் அதுவே அவனைப் பிடித்துக் கொடுக்கும். கடல் பார்த்துக் கனவு கண்ட காலமெல்லாம் சேர்ந்து என்னைப் பழிவாங்கியது. முடிவை இன்னொருத்தியிடம் தள்ளினேன். உண்மையைச் சொல்லட்டுமா என்று நான் தொலைபேசியைப் பார்த்துக் கேட்டேன். ரஞ்சினி அழுதாள். நானும் அவளும் இன்ஸ்பெக்டரும் மாறி மாறிப் பேசினோம்.

திரை இருண்டது.

நேசன் எழுந்து, உள்ளங்கையால் கமராவை மூடிக்கொண்டு நின்றான்.

கான்ஸ்டபிள் பாய்ந்து அவன் தோளைப் பிடித்தார். அவன் கையை எடுக்கவில்லை. தொலைபேசியில் ரஞ்சினி "என்ன, என்ன நடந்தது, அடிக்கினமே?" என்று கத்தினாள். அவளுக்குப் பின்னாலிருந்து சால்வை அக்காவின் குரல் ஆங்கிலத்தில் வந்தது, அமைதியாக: "அவர் மூடிவிட்டார். நாங்கள் நிறுத்த வேண்டும்."

நிறுத்தினோம். அங்கே பனியிலும் இங்கே வெயிலிலும் ஒருவரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. நானா இந்தத் தரம் வயரைப் பிடுங்கப் போகவில்லை.

"இது என்ன?" என்று இன்ஸ்பெக்டர் தாழ்ந்த குரலில் கேட்டார். இது எங்கள் அலுவலகத்து விதி, இவனுக்கும் காட்டிக் கொடுத்தது, ஒருவரை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசினால் அவர் இப்படி நிறுத்தலாம் என்றேன்.

"சந்தேகநபர் அவன். அவன் எங்களை நிறுத்துகிறானா?"

"ஓம் சேர்."

அவர் மீசையைத் தடவினார். "எங்கள் கூட்டங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும்" என்றார். பிறகு கண்ணால் ஜாடை காட்டினார். கான்ஸ்டபிள் நேசனுடைய தோளை விட்டார்.

நேசன் கையை எடுத்தான். திரையில் அக்காவைப் பார்த்து, நெஞ்சில் விரலை வைத்து, வாயருகே கொண்டுபோய், வெளியே விரித்தான். அதற்கு மொழிபெயர்ப்பு எனக்கே தேவைப்படவில்லை. நான் சொல்கிறேன் என்றான். ரஞ்சினி தொப்பியைக் கழற்றினாள், முகத்தைத் துடைத்தாள், கைகளை உயர்த்தினாள்.

அவன் சொன்னான். அவள் தமிழில் சொன்னாள். நான் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். படம் உறைந்தபோதெல்லாம் அவன் நின்று, மறுபடி சொன்னான். கிளை திறக்கும் முன்னரே வந்து காத்திருப்பது அவன் வழக்கம். ஒரு நாள் கோபுரத்தின் மரக்கதவில் சாய்ந்திருந்தபோது மணி அடித்தது. அது கதவுக்குள்ளால் அவன் முதுகுக்குள் வந்தது. அதுவரை அவனுக்கு மணி என்பது படத்தில் பார்த்த ஒரு சாமான். அன்று முதல் நாளும் வருகிறான். கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான்.

"அப்படியென்றால் அவனுக்குக் கேட்கிறது!" என்று இன்ஸ்பெக்டர் மேசையில் தட்டினார்.

"நான் சொன்னனான் தானே அக்கா" என்றாள் ரஞ்சினி.

நேசன் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். எழுந்து அறையின் கோடிக்குப் போனான். எங்கள் அறையிலிருந்தும் கோபுரத்துக்குள் போக ஒரு பழைய மரக்கதவு இருந்தது, எப்போதும் பூட்டியபடி. அவன் இரண்டு காதுகளுக்குள்ளும் விரல்களை இறுக்கி வைத்து, நெற்றியைக் கதவில் பதித்துக் காட்டினான். பிறகு விலகி நின்று, இன்ஸ்பெக்டருக்கு அந்த இடத்தைக் காட்டினான்.

மத்தியான மணிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். போய், காதுகளுக்குள் விரல் வைத்து, சீருடையோடு அந்தக் கதவில் நெற்றியை வைத்தார். கான்ஸ்டபிள்மார் மரியாதையாக வேறு பக்கம் திரும்பினார்கள்.

மணி அடித்தது.

எங்களுக்கு அது காதுக்குள் அடித்தது. தொலைபேசிக்குள்ளாலும் போயிருக்க வேண்டும். தம்பி கையால் சொன்ன மணியை ரஞ்சினி முதல் தரம் காதால் கேட்டாள். திரையில் அவள் படம் கண்ணை மூடியபடி உறைந்துபோயிருந்தது. நேசன் சுவரோரமாக நின்று இன்ஸ்பெக்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு சாமியையும் விடாமல் கும்பிட்டேன். அந்த வளவுக்குரிய சாமியையும் சேர்த்துத்தான்.

மணி நின்ற பிறகும் அவர் உடனே திரும்பவில்லை. திரும்பியபோது நெற்றியில் கதவின் தூசு ஒட்டியிருந்தது.

"எஹெனவா நெமெய்" என்றார், எங்களுக்கல்ல, தனக்கே. "தெனெனவா." கேட்கவில்லை, உணர்கிறது.

"அந்த இரும்பு அலுமாரியும்..." என்று தொடங்கிய கான்ஸ்டபிளைக் கையமர்த்தினார். "நிலம் அதிர்ந்திருக்கும். விளங்கியது."

பிறகு அவர் செய்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். அதுவரை என்னைப் பார்த்தும் திரையைப் பார்த்தும் கேள்வி கேட்டவர், கதிரையை இழுத்து நேசனுக்கு நேரே போட்டார். அவன் முகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொல்லி, அது கடல் கடந்து போய், அவள் கையால் அவனிடம் வந்து சேரும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரும்வரையும் அப்படியே. எந்தப் பயிற்சிப் பட்டறைக்கும் போகாத மனிதர். எங்களில் பலருக்கு அது வர வருடங்கள் எடுத்தன.

பின்னேரம் வாக்குமூலம் முடிந்தது. நேசன் கையெழுத்து வைத்தான். கோப்பு மேலே போகவில்லை. கடைக்கார முதலாளி வந்து பொறுப்பெடுத்தார். இன்ஸ்பெக்டர் போகும்போது, இனிக் காலையில் அந்த இடத்தில் நிற்பதென்றால் பெயரைச் சாவடியில் சொல்லிவிட்டு நிற்கட்டும் என்றார். சொல்லிவிட்டு, எப்படிச் சொல்வான் என்று யோசித்து, தானே சொல்லிவைப்பதாகச் சொன்னார். நானா கணினிக்கு முன்னால் தலையில் கைவைத்தபடி உட்கார்ந்துவிட்டார். "மிஸ், எனக்கு ஒரு பிளேன்டீ" என்றார். அழுதிருக்கிறார் என்று தெரிந்தது, நான் கவனிக்காதது மாதிரி இருந்தேன்.

இன்றைக்கு உங்களிடம் இருக்கும் கருவிகள் எங்கள் கனவிலும் வராதவை. பேசுவதை எழுத்தாக்குகிறது, எழுத்தைப் பேச வைக்கிறது, பனி தடங்காமல் விழுகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் போன மாதம் உங்கள் பெரிய திரைக்கு முன்னால் இருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மூன்று நாட்டுக்காரர்களும் நீங்களுமாக ஒரு பெண்பிள்ளையைப் பற்றி நெடுநேரம் நல்லதையே பேசினீர்கள். அந்தப் பிள்ளை அறையில் இருக்கவில்லை. நான் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

கடைசியாக ஒன்று. அன்று எல்லாரும் போன பிறகு இணைப்பு இன்னும் அறாமல் இருந்தது. அங்கே அப்போது நன்றாக விடிந்துவிட்டது, யன்னலில் விளக்கு அணைந்திருந்தது. நேசன் திரைக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ரஞ்சினி தொலைபேசியில் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நான் அவனை விசரன் எண்டு சொல்லப் பாத்தனான். என்ர வாயைப் பாத்தே அவன் கண்டிட்டான். என்னோட கோபமே அவன்?"

"என்னட்டை ஏன் கேக்கிறாய்?" என்றேன். "உனக்கு முன்னால இருக்கிறான். அவனிட்டைக் கேள்."

தொலைபேசியை வைத்துவிட்டேன். திரையில் அவள் கைகளை உயர்த்துவது தெரிந்தது. நேசனின் தோளில் ஒரு தரம் தட்டினேன், அவன் நிமிர்ந்தான். நானாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். அவன் என்ன பதில் சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.